இன்டு மார்க் போட்ட இடத்தில்

வருமான வரிக் கணக்குப் பார்க்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சட்டம் சொல்லித்தரப் போவதில்லை. சட்டம் உங்கள் போனில் இருக்கிறது; என் அலமாரியில் இருப்பதைவிடப் புதிய பதிப்பாகவும் இருக்கும். நான் உருப்போட்ட பிரிவுகளில் பாதிக்கு எண் மாறிவிட்டது, மீதி ஒழிந்துவிட்டது. அந்த வருத்தத்தில்தான் ஐம்பத்தெட்டு வயதில் பனகல் பார்க் பக்கத்து மாடி அறையைக் காலி செய்துவிட்டு வீட்டோடு வந்துவிட்டேன். இப்போது காய்கறிக்காரரிடம் ரசீது கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மைதான்.

நான் சொல்ல நினைப்பது என் தப்பு ஒன்றைப் பற்றி. முப்பத்தொரு வருஷத்தில் ஒன்றே ஒன்றுதானா என்று கேட்காதீர்கள். மற்றவை சாதாரணத் தப்புகள், அபராதம் கட்டித் தீர்த்தாயிற்று. இது கட்டித் தீர்க்க முடியாத ரகம்.

தொழிலில் இறங்கிய புதிதில் எனக்கு ஒரு சமையல் கான்ட்ராக்டர் கிளையன்ட்டாக இருந்தார். படிவத்தைக் கொடுத்துக் கையெழுத்து போட்டு வாங்கி வரச் சொன்னேன். ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்று கட்டம் கட்டியிருந்த இடத்தில் முழுப் பெயரையும் போட்டிருந்தார். அதாவது, தான் கொடுத்த மனுவைத் தானே பரிசீலித்து, தானே ஏற்றுக்கொண்டிருந்தார். மறுபடி புதிய படிவம், மறுபடி அலைச்சல். அன்று ஒரு முடிவு செய்தேன். இனிமேல் யாருக்கும் சந்தேகமே வரக்கூடாது. கையெழுத்து வர வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. ஊரில் எல்லோரும் சொல்வதுபோல் இன்டு மார்க்.

மார்க் போட்ட இடத்தில் போடு, மற்ற இடத்தில் போடாதே. இதைவிடத் தெளிவான சட்டம் பாராளுமன்றத்தில்கூட இயற்றப்பட்டதில்லை. நாலைந்து வருஷத்தில் என் கிளையன்ட்டுகள் எல்லோரும் பழகிவிட்டார்கள். படிவம் வந்தால் மார்க்கைத் தேடுவார்கள், போடுவார்கள், மடித்துக் கொடுப்பார்கள். ஒருவரும் ஒரு வரி படிப்பதில்லை. அதை என்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு, உள்ளுக்குள் இரண்டு அங்குலம் உயர்ந்துகூட இருந்தேன்.

அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்களில் பட்டாபி சாரும் ஒருவர் என்பதுதான் வேடிக்கை. அவர் முப்பத்தாறு வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். பிறருடைய வாக்கியத்தில் ஒரு கால்புள்ளி நகர்ந்திருந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகும் மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய சந்தில், முதல் மாடி ஃபிளாட்டில் இருந்துகொண்டு, தெருக்கோடி அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை திருத்திக்கொண்டிருந்தார். கூலி காபி. தை மாதத்தில் கூடவே ஒரு டப்பா மைசூர்பாகு. மனைவி காலமாகி ஆறு வருஷம். ஒரே பிள்ளை கண்ணன் அமெரிக்காவில்.

ஒரு ஜூலை மாதம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பட்டாபி சார் வந்தார். ரிட்டர்ன் போடும் பருவம். அலுவலகத்தில் நானும் காதர் பாயும்தான். டைப்பிங், ஃபைல், டீ, வருகிறவர்களின் கோபத்தை முதலில் வாங்கிக்கொள்வது, எல்லாம் அவர் இலாகா. சிந்தாதிரிப்பேட்டைக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர், அதை ஒரு நாளும் மறக்கவிடாதவர்.

பாஸ்புக்கைப் பிரித்தேன். டெபாசிட் வட்டி வருகிற ஒவ்வோர் இடத்திலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரியாகப் போயிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக.

“என்ன சார் இது? முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“வட்டி கொறஞ்சுண்டு வர்றதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே. அதுதான்னு நெனச்சுண்டேன்” என்றார். “ஆத்துல காபிப் பொடியைக் கொறச்சேன். அதுக்கப்புறம் பேப்பரையே நிறுத்திட்டேன்.”

அவருக்கு வரியே கிடையாது. சின்னப் பென்ஷன், இந்த வட்டி. எந்தக் கணக்கில் போட்டாலும் வரி வராத ஆசாமி. ஒவ்வோர் ஏப்ரலிலும், வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் வங்கியில் கொடுக்கும் படிவத்தை நான்தான் நிரப்பி அவர் வீட்டுக்கு அனுப்புகிறேன்; கையெழுத்து போட்டு வங்கியில் சேர்ப்பது அவர் பொறுப்பு. பிடித்த வரி எந்தக் குறியீட்டின் கீழ் போயிருக்கிறது என்று வருமான வரித்துறையின் தளத்தில் பார்த்தேன். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான குறியீடு. மாட வீதியைத் தாண்டினால் மூச்சு வாங்கும் மனிதரை வங்கி என்.ஆர்.ஐ. ஆக்கி வைத்திருந்தது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது தொழிலில் ஒரு சுகமான கோபம். தப்பு நிச்சயமாக நம்முடையது இல்லை என்று தெரியும்போது வருவது. அதில் எச்சரிக்கையாக இருங்கள். அந்தக் கோபத்தில் உரைநடை நன்றாக வரும். நான் கிளை மேலாளருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். ‘கண்மூடித்தனம்’, ‘ஒரு முதியவரின் அன்றாட உணவு’ என்றெல்லாம் வந்தது. மேலிடத்துக்குப் போவேன் என்று முடித்திருந்தேன்.

காதர் பாய் டைப் அடித்துவிட்டு, காகிதத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“இன்னா சார், லெட்டரு கொதிக்குது. ஆற வெச்சு நாளிக்கு அனுப்பலாமா?”

“இன்னிக்கே போகணும் பாய்.”

“அது சரி. அந்த மேனேஜரம்மா பக்கம் இன்னா பேப்பர் கீதுன்னு ஒரு தபா கேட்டுகினு அனுப்பலாமேன்னு பார்த்தேன்.”

“கேட்கறதுக்கு என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல நைனா. நீ அனுப்பு” என்றார். அவர் என்னை நைனா என்று கூப்பிட்டால் நான் ஏதோ தப்பு செய்யப் போகிறேன் என்று அர்த்தம். எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு அது உறைத்ததில்லை.

இரண்டாம் நாள் மேலாளரே கூப்பிட்டார். கணக்கு வைத்திருப்பவரையும் அழைத்துக்கொண்டு நேரில் வர முடியுமா என்றார். மன்னிப்பு கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று இஸ்திரி போட்ட சட்டை அணிந்துகொண்டு போனேன்.

மேலாளர் முப்பத்தைந்து வயதுப் பெண். திருநெல்வேலிப் பேச்சு. என் கடிதம் மேஜைமேல் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் இருந்தது.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். எங்க வீட்டுக்காரர்ட்ட கூட வாசிச்சுக் காமிச்சேன்” என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இது போன வருஷம் ஏப்ரல்ல வந்தது. ரெண்டும் ஒரே கவர்ல. இதுல சார் நான் இந்தியாவுல இருக்கேன், வரி பிடிக்காதீங்கங்காங்க. இதுல நான் அமெரிக்காவுல இருக்கேன், கணக்க மாத்துங்கங்காங்க. ஒரே தேதி, ஒரே பேனா. நாங்க எதை நம்ப? போன்ல கேட்டோம். சாரோட மகன் பேசினாங்க, ரெண்டாவதுதான் சரின்னாங்க. சார்ட்டயும் போனைக் கொடுத்தாங்க. சார் ‘ஆமா, கையெழுத்து போட்டேன்’னாங்க.”

முதல் படிவம் நான் அனுப்பியது. இரண்டாவதை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அதிலும் நாலு இடத்தில் பட்டாபி சாரின் மணிமணியான கையெழுத்து. ஒவ்வொன்றின் அருகிலும், அழிக்கப்படாமல், பென்சிலில் ஒரு சின்ன இன்டு மார்க்.

“சார், இதைப் படிக்கலையா நீங்க?” என்று கேட்டேன்.

“மார்க் போட்டிருந்தது.”

“படிக்கலையா?”

“நீங்க போட்டதுன்னு நெனச்சேன்” என்றார் அவர்.

அறையில் ஏ.சி. நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. இருந்தும் எனக்கு வியர்த்தது.

நடந்தது இதுதான். அப்பாவை ஆறு மாதம் அழைத்துப் போகக் கண்ணன் வந்திருந்தான். நான் அனுப்பிய ஏப்ரல் படிவம் அவர்கள் வீட்டு மேஜைமேல் கிடந்தது. என் பழக்கத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பையன். தன் படிவத்திலும் அதேபோல் மார்க் போட்டு, ‘பேங்க் பேப்பர்ப்பா’ என்று அதனோடு சேர்த்து வைத்திருக்கிறான். அப்பா இரண்டிலும் போட்டுவிட்டார்.

பட்டாபி சார் அந்த இரண்டாவது படிவத்தைக் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நானும் மேலாளரும் காத்திருந்தோம். மூன்றாவது பத்தியில் அவர் விரல் நின்றது.

“‘மகனுடன் நிரந்தரமாகக் குடியேறும் பொருட்டு’ன்னு இருக்கு” என்றார். அடுத்த வரிக்குப் போனார். “‘எதிர்பார்க்கப்படும் வரவு: மயிலாப்பூர் வீட்டை விற்ற தொகை.’” படிவத்தை மேஜையில் வைத்தார். “அந்த விலாசத்துல வேற யாரும் வீடு வெச்சுண்டிருக்காளா?”

மேலாளர் என் கடிதத்தை எடுத்து, எனக்குத் தெரியாமல் செய்வதுபோல், இழுப்பறைக்குள் போட்டார். அந்தப் பெண்ணுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

மாற்றுவதற்கு வழி இருந்தது. ‘நான் இந்தியாவில் நிரந்தரமாக வசிக்கிறேன்’ என்று ஓர் அறிவிப்பு கையெழுத்திட்டுக் கொடுத்தால் கணக்கு பழையபடி ஆகிவிடும், வரி போன குறியீட்டையும் வங்கி திருத்தி அனுப்பும். அப்புறம் ரிட்டர்ன் போட்டுப் பிடித்ததைத் திரும்ப வாங்கிவிடலாம். ஜூலை முடிய பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் காலை கண்ணன் போன் செய்தான்.

“அங்கிள், அப்பா எல்லாம் சொன்னார். தப்பா எடுத்துக்காதீங்கோ. இந்த வருஷம் என்.ஆர்.ஐ.யாவே ரிட்டர்ன் போட்டுடுங்கோ. ரீஃபண்ட் கொஞ்சம் கொறையும், அதை நான் அப்பாவுக்குக் குடுத்துடறேன். இப்ப திருப்பி மாத்தினா வீடு விக்கறச்சே மறுபடி எல்லாம் முதல்லேர்ந்து.”

“அப்படிப் போட முடியாதுப்பா. போன வருஷம் அப்பா எத்தனை நாள் எங்கே இருந்தார்னு பாஸ்போர்ட்ல முத்திரை இருக்கு. எண்ணிட்டேன். இங்கே நூத்தி எண்பத்தஞ்சு நாள். அந்த ஒரு கணக்குலயே அவர் இங்கே வசிக்கிறவர்தான். அடுத்த விதிக்குப் போகவே வேண்டாம்.”

“சரி, அது ரிட்டர்னுக்கு. பேங்க்ல மாத்தாம விட்டுடலாமே?” அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. “அங்கிள், தை மாசம் அப்பா பாத்ரூம்ல விழுந்தார். பத்திரிகை புரூஃப் வாங்க வந்தவர் பார்க்கற வரைக்கும் ரெண்டு மணி நேரம் தரையில கெடந்தார். உங்ககிட்ட சொன்னாரா?”

சொல்லவில்லை.

“கீழ் ஃப்ளோர்லயே அவருக்குன்னு ரூம் கட்டியாச்சு. அடுத்த தடவை விழுந்தா யார் தூக்குவா, நீங்களா?”

கண்ணன் கெட்டவன் இல்லை. பத்து வருஷமாக அப்பாவுக்காக என் கட்டணத்தை முதல் வாரத்திலேயே அனுப்புகிறவன். அவன் அனுப்பிய மூன்று நண்பர்களும் என் கிளையன்ட்டுகள். இதையெல்லாம் நான் அந்த நேரத்தில் நினைக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரிட்டர்ன் கேட்பது, போன வருஷம் எங்கே இருந்தாய் என்பதை. அதற்குப் பாஸ்போர்ட் போதும். வங்கி கேட்பது, இனிமேல் எங்கே இருக்கப் போகிறாய் என்பதை. அதற்கு முத்திரை கிடையாது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நமக்குச் சம்பளம். இரண்டாவதில் வாயைத் திறக்கவே கூடாது.

இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேன். அன்று என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு காகிதம் தயார் செய்தேன். கணக்கைப் பழையபடி மாற்றும் அறிவிப்பு ஒன்று. இருக்கிறபடியே இருக்கட்டும் என்று வங்கிக்கு ஒரு வரிக் கடிதம் இன்னொன்று. முதலாவதில் மட்டும், கை பழக்கத்தில் என்று சொல்லிக்கொண்டு, இன்டு மார்க் போட்டேன். படியில் இறங்கும்போது காதர் பாய் என் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தார்.

“ஒண்ணுல கீது, ஒண்ணுல இல்ல?”

“மறந்துட்டேன் பாய்.”

“மறக்கற ஆளா நீ” என்றார். அன்றைக்கு நைனாகூடச் சேர்க்கவில்லை.

மயிலாப்பூர் வீட்டில் பட்டாபி சார் ஜன்னலோரம் உட்கார்ந்து, சிவப்பு மையில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருத்திக்கொண்டிருந்தார். கீழே பூக்காரியும் ஓர் ஆட்டோக்காரரும் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கோ. பாருங்கோ இதை. காலம்பர முகூர்த்தம், ரிசப்ஷன் அதுக்கு முந்தின நாள்னு போட்டிருக்கான், சரி. ஆனா ரிசப்ஷனுக்குப் போட்ட தேதி முகூர்த்தத்துக்கு அப்புறம் மூணு நாள் தள்ளி இருக்கு. அதுவரைக்கும் மண்டபத்துலயே உட்கார்ந்துண்டிருப்பாளா?”

காகிதங்களை நீட்டினேன். வாங்கினார், பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்தார். அறிவிப்பில் நான் போட்டிருந்த இன்டு மார்க்கை நிதானமாக, காகிதம் கசங்காமல் அழித்தார். ரப்பர் துகளை ஊதினார்.

“நீங்க காபி சாப்பிடுங்கோ. பிளாஸ்க்ல இருக்கு. நான் படிச்சுடறேன்.”

ஒரு பக்க அறிவிப்பு, ஒரு வரிக் கடிதம். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. நான் இரண்டு காபி குடித்தேன். பொடி கம்மியாகத்தான் இருந்தது.

கடைசியில் நிமிர்ந்தார். “இதுல ‘நிரந்தரமா’ன்னு இருக்கு.”

“ஆமாம் சார். அது வங்கியோட வாசகம்.”

“கண்ணன் போட்ட ஃபாரம்லயும் அதே வார்த்தை. எழுபத்துநாலு வயசுல இருக்கறவனைப் பார்த்து ஆளாளுக்கு நிரந்தரம் நிரந்தரம்கறேளே. எதை வெச்சு நான் அதுக்குக் கையெழுத்து போடறது?”

“மாத்த முடியாது சார். அச்சடிச்ச படிவம்.”

“ம். அச்சுல ஏறினது ஏறினதுதான்.” போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“கண்ணா, படிச்சேன்.”

“எதைப்பா?”

“போன வருஷம் கையெழுத்து போட்டதை.”

“அப்பா, நான் சொன்னேனே...”

“பேங்க் பேப்பர்னு சொன்னே. பேங்க் பேப்பர்தான். நீ பொய் சொல்லலை. நான்தான் படிக்கலை. அடுத்தவா எழுதினதையே படிச்சுண்டிருந்துட்டேன், என் பேர்ல இருக்கறதை விட்டுட்டேன்.”

“ரூம் ரெடியா இருக்குப்பா. படி ஏற வேண்டாம். பெரிய ஜன்னல் வெச்சிருக்கேன்.”

“ஜன்னலுக்கு வெளியில யார் இருக்கா?”

“...மரம் இருக்கு.”

“மரத்துக்குப் புரூஃப் பார்க்க வேண்டாமே கண்ணா.”

கண்ணன் சிரித்தானா, மூக்கை உறிஞ்சினானா, தெரியவில்லை. “விழுந்தா என்னப்பா பண்ணுவே?” என்றான்.

“விழற வயசு. அங்கயும் விழுவேன். நீயும் உன் ஆம்படையாளும் ஆபீஸ் போயிட்டா அங்கயும் ரெண்டு மணி நேரம்தான். இங்க பாத்ரூம்ல கைப்பிடி போட்டுக்கறேன். அச்சாபீஸ்காரன்கிட்ட ஒரு சாவி குடுக்கறேன், தினம் காலம்பர வரான். வருஷத்துக்கு மூணு மாசம் உன்கிட்ட வரேன். நாள் கணக்கை நானே எண்ணிக்கறேன். வீட்டை நான் இருக்கற வரைக்கும் விட்டுடு. அப்புறம் நீ என்ன ஃபாரம் வேணா போட்டுக்கோ.”

“அங்கிள் சொல்லிக் குடுத்தாரா இதெல்லாம்?”

நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவர் ரெண்டு பேப்பர் கொண்டுவந்தார். அவருக்குப் பிடிச்சதுல மட்டும் இன்டு மார்க் போட்டிருந்தார். அதையும் அழிச்சாச்சு” என்றார் பட்டாபி சார்.

கண்ணன் அப்போது நிச்சயமாகச் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் தொழில் நேர்மைக்கு உண்மையான தணிக்கை இப்படித்தான் வரும். ஸ்பீக்கரில், பொடி கம்மியான காபியோடு.

பிறகு அவர் பேனாவை எடுத்து, மார்க் எதுவும் இல்லாத இடத்தைத் தானே கண்டுபிடித்து, அறிவிப்பில் கையெழுத்திட்டார். ஒரு வரிக் கடிதத்தை நாலாக மடித்து மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். அந்த மேஜை ஆடுவது எனக்கு முன்பே தெரியும்.

மற்றதெல்லாம் வழக்கமான அலைச்சல். வங்கி கணக்கை மாற்றியது, குறியீட்டைத் திருத்தியது. ஜூலை முடிய இரண்டு நாள் இருக்கும்போது ரிட்டர்ன் போட்டேன். போன வருஷம் பிடித்த வரி கார்த்திகையில் முழுசாகத் திரும்பி வந்தது. முதலில் பேப்பர் மறுபடி ஆரம்பித்தது, அப்புறம் குளியலறையில் இரண்டு ஸ்டீல் கைப்பிடிகள் வந்தன. கண்ணனின் நண்பர்கள் மூவரில் ஒருவர் அடுத்த வருஷம் என்னிடம் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, கண்ணனும் சொல்லவில்லை. கட்டணம் மட்டும் முதல் வாரத்திலேயே வந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் நான் இன்டு மார்க் போடுவதை நிறுத்தினேன். படித்துவிட்டுப் போடுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். கிளையன்ட்டுகள் நெகிழ்ந்துபோனார்கள் என்று நினைக்கிறீர்களா? “நானே படிக்கறதா இருந்தா உங்களுக்கு எதுக்கு ஃபீஸு?” என்று ஒரு பாத்திரக்கடைக்காரர் முகத்துக்கு நேராகவே கேட்டார். இன்னொருவர் தப்பான இடத்தில் போட்டுக்கொண்டு வந்தார். மாலை நேரங்களில் பெஞ்சு முழுக்க ஆட்கள் உட்கார்ந்து, வாயசைத்துக்கொண்டு படிவம் படித்தார்கள். “ஆபீஸு லைப்ரரி ஆயிப்போச்சு. சந்தா வாங்கலாமா?” என்றார் காதர் பாய். மூன்று மாதத்தில் ஒரு சமரசம் வந்தது. மார்க் போடுவேன், ஆனால் அவர்கள் படித்து, என்ன படித்தார்கள் என்று ஒரு வாக்கியத்தில் எனக்குச் சொன்ன பிறகு, அவர்கள் கண்முன்னால். வேலை இரண்டு மடங்கு ஆயிற்று. நீங்களும் இப்படியே செய்யுங்கள் என்று வற்புறுத்த எனக்கு முகமில்லை. ஆனால் யாராவது உங்கள் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்து போட்டால், அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு உயரமாகிவிடாதீர்கள்.

போன வருஷம் அலுவலகத்தை மூடுவதென்று முடிவானதும் கிளையன்ட்டுகளுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். விடைபெறும் கடிதம், பிழை இருக்கக்கூடாது. பட்டாபி சாருக்கு அனுப்பி வைத்தேன். காதர் பாய்தான் கொண்டுபோய்க் கொடுத்து, மறுநாள் வாங்கி வந்தார். சிவப்பு மையில் பதினேழு திருத்தங்கள். ‘நீண்ட நெடிய’ என்பதில் ஒன்றை அடித்திருந்தார். ‘என்றும் உங்கள் நினைவில்’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஓரமாக ஒரு கேள்விக்குறி.

கடைசியில், நான் கையெழுத்து போட வேண்டிய இடத்தில், பென்சிலால் சின்னதாக ஓர் இன்டு மார்க். பக்கத்தில் அந்த மணிமணியான எழுத்தில் மூன்று சொற்கள்: முழுக்கப் படித்த பிறகு.

உட்கார்ந்து படித்தேன்.